நான் வைக்காத கையொப்பம்

எங்களுக்குக் கலியாணம் முடிந்து 40 வருடம் நிறைந்ததைப் பிள்ளைகள் மண்டபம் எடுத்துக் கொண்டாடினார்கள். மகள் ரொறன்ரோவிலிருந்தும் மகன் லண்டனிலிருந்தும், நல்லூர்த் திருவிழாவையும் சேர்த்துப் பார்க்கிற கணக்கில் லீவு எடுத்து, குடும்பத்தோடு வந்திருந்தார்கள். 1984 ஆவணியில் கூறைச்சேலையோடு அவளும் பட்டு வேட்டியோடு நானும் நின்று எடுத்த படத்தைப் பெரிதாக்கி மேடைக்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள். மகன் ஒலிவாங்கியைப் பிடித்து, "அப்பாவும் அம்மாவும் ஒரு நாளாவது சண்டை பிடிச்சு நாங்கள் பார்த்ததில்லை" என்றான். பிறகு மருமகள் முறையான ஒரு பிள்ளை என் மனைவியிடம் கேட்டது: "மாமி, 40 வருசம் இப்பிடி ஒற்றுமையா இருந்ததுக்கு என்ன காரணம்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"இவர் ஒண்டுக்கும் சத்தம் போடமாட்டார். நானும் ஒண்டும் கேக்கமாட்டன்."

மண்டபம் கைதட்டியது. நானும் சிரித்தபடி நின்றேன். கடைசி வரிசைக்குப் பக்கத்தில் அவளுடைய தங்கச்சி, என் மச்சாள், சின்னப் பிள்ளைகளுக்குக் கேக் துண்டுகளைத் தட்டில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு அவளும் கைதட்டினாள்.

என் மனைவி கேட்பதை நிறுத்திய ஆண்டு எனக்குத் தெரியும். 1997. என்ன கேட்டாள் என்பதும், நான் என்ன சொன்னேன் என்பதும் தெரியும். அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தால் செய்த பிழைமேல் இன்னொரு பிழையும் சேரும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் நான் அந்த வீட்டுக்கு வந்த விதத்தைச் சொல்லவேண்டும். கொழும்பில் ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தேன். 1983 ஆடியில் அங்கே எங்களவர்களுக்கு நடந்தது எனக்கும் நடந்தது. இருந்த அறையும் அதற்குள் இருந்ததும் எரிந்தன. அகதி முகாமில் சில நாள் இருந்து, கப்பலேறி, கையில் ஒரு பையோடு காங்கேசன்துறையில் இறங்கினேன். வேலையை யாழ்ப்பாணத்துக்கு மாற்றித் தந்தார்கள். தகப்பன் இல்லாத குடும்பம். எனக்குக் கீழே ஒரு தங்கை. அவளைக் கரைசேர்க்க வேண்டுமென்றால் என் கலியாணத்தில்தான் காசு வரவேண்டும் என்று அம்மா கணக்குப் போட்டிருந்தா. நான் மறுக்கவில்லை.

நீர்வேலியில் சம்பந்தம் பொருந்தியது. மாமா தோட்டக்காரர். வீடும் வளவும், அதற்குப் பின்னால் செம்பாட்டு மண்ணில் ஆறு பரப்பு வாழைத்தோட்டம், கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் எல்லாம் சேர்த்து மூத்த மகளுக்குச் சீதன உறுதி முடித்தார். அதற்கு மேலே என் தங்கைக்காக ஐம்பதாயிரம் ரூபாய் டொனேஷன். அந்தக் காசு அவரிடம் இருக்கவில்லை. மிஞ்சியிருந்த ஒரு துண்டுக் காணியை ஈடு வைத்துத்தான் தந்தார். அது எனக்கு அப்போதே தெரியும். எங்கள் தேசவழமையில் சீதனம் பெற்றுக்கொண்டு போகிற பெண் பெற்றாரின் மிச்சச் சொத்தில் பங்கு கேட்பதில்லை. மிச்சம் மற்றப் பிள்ளைகளுக்கு. மாமாவுக்கு மற்றப் பிள்ளை ஒன்றே ஒன்று. அந்த மிச்சந்தான் ஈட்டில் போனது. அதற்குப் பிறகு மீளவில்லை. மச்சாளுக்கு அப்போது 18 வயது. என் தங்கை கரைசேர்ந்த காசு என் மச்சாளின் சீதனம். இதை நான் மனதுக்குள் பலமுறை சொல்லியிருக்கிறேன். எழுத்தில் வைப்பது இதுதான் முதல்முறை.

வெளியூரில் இருப்பவர்களுக்கு எங்கள் காணி வழக்கத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் வீடு பெரும்பாலும் பெண்ணுடையது. தாய் வீடு மகளுக்குப் போகும். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து ஏறுவார். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக் என்ற அதிகாரி இந்த வழக்கங்களைத் திரட்டி எழுதினார். பன்னிரண்டு முதலிமார் அதைப் பார்த்துச் சரியென்றார்கள். 1806இல் ஆங்கிலேயர் அதைச் சட்டமாக ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் பெண்களுக்குச் சொந்தமாகக் காணி இருக்கிறது என்று நாங்கள் பெருமையாகச் சொல்லுவோம். அது உண்மை. ஆனால் 1911ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டம், யாழ்ப்பாணத் திருமண உரிமைகளையும் மரபுரிமையையும் பற்றியது, அந்தப் பெருமைக்குள் ஒரு நிபந்தனை வைத்தது. மனைவியின் தனிச் சொத்து மனைவியுடையதே. நகையோ காசோ என்றால் அவள் தன் எண்ணப்படி யாருக்கும் கொடுக்கலாம். காணியை விற்கவோ கொடுக்கவோ ஈடு வைக்கவோ வேண்டுமென்றால் கணவன் எழுத்தில் சம்மதிக்கவேண்டும். மரணசாசனம் எழுதுவதற்கு அந்தச் சம்மதம் தேவையில்லை. அதாவது என் மனைவி தன் தங்கைக்குத் தன் காணியில் ஒரு துண்டைத் தான் செத்த பிறகு சேரும்படி எழுதலாம். உயிரோடு இருந்து கையால் கொடுக்க என் ஒப்பம் வேண்டும். என் பெயரில் உள்ள சொத்தை நான் விற்க அவள் ஒப்பம் வேண்டியதில்லை. நாட்டில் மற்றப் பெண்கள் பலருக்கு 1923இல் வந்த சட்டத்தோடு இந்தத் தடை போய்விட்டது. தேசவழமைக்கு உட்பட்ட பெண்களை அந்தச் சட்டம் சேர்த்துக்கொள்ளவில்லை.

முதல் தரம் அவள் கேட்டது 1989இல். இந்திய இராணுவம் நின்ற காலம். மச்சாளுக்கு 23. பக்கத்து ஊரில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை. நல்ல குடும்பம். காசு கேட்கவில்லை. "இருக்க ஒரு துண்டுக் காணி இருந்தாப் போதும், வீட்டை மெல்ல மெல்லக் கட்டலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்றிரவு சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"இஞ்சருங்கோ, தோட்டத்திலை றோட்டுப் பக்கம் ரண்டு பரப்பை தங்கச்சிக்கு எழுதுவமே?"

"பாப்பம்" என்றேன்.

எங்கள் ஊர்ப் பேச்சில் இந்தச் சொல்லுக்கு உள்ள பலத்தை யாழ்ப்பாணத்தார் அறிவார்கள். அது இல்லை என்ற சொல் அல்ல. இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்கலாம், அழலாம், தாய் தகப்பனைக் கூப்பிட்டு வைத்துக் கதைக்கலாம். பாப்பம் என்று சொன்னவனோடு என்னத்தைச் சண்டை பிடிப்பது? அவன் யோசிக்கிறான் என்று நினைத்துக்கொண்டு காத்திருக்கத்தான் வேண்டும். நான் யோசிக்கவில்லை. அன்றைக்கே எனக்குள் முடிவு இருந்தது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் போய் ஒளித்துக்கொண்டேன். வாத்தியார் பகுதி மூன்று மாதம் பார்த்துவிட்டு வேறிடத்தில் முடித்துவிட்டது.

அந்த மூன்று மாதத்துக்குள் நான் செய்த ஒரு காரியம் இருக்கிறது. இந்த ஒப்புதலில் மிகக் கடினமான இடம் இதுதான். கந்தோரில் பழைய சட்டப் புத்தகங்கள் ஒரு அலுமாரி நிறைய இருந்தன. ஒரு மத்தியானம் அதைத் திறந்து 1911ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தேடி எடுத்து வாசித்தேன். என் ஒப்பம் இல்லாமல் அவள் எழுத முடியாது என்பதை நிச்சயப்படுத்திக்கொள்ளத்தான் எடுத்தேன். ஆறாம் பிரிவில் அது இருந்தது. இரண்டு பிரிவு தள்ளி இன்னொன்றும் இருந்தது. கணவன் கைவிட்டுப் போனால், புத்தி பேதலித்திருந்தால், இருக்கும் இடம் தெரியாவிட்டால், அல்லது நியாயமில்லாமல் சம்மதத்தை மறுத்து வைத்திருந்தால், மனைவி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். நீதிமன்றம் அவனுக்குப் பதிலாக அனுமதி கொடுக்கலாம்.

நியாயமில்லாமல் மறுத்தல். அந்தச் சொற்களை நான் இரண்டு தரம் வாசித்தேன். புத்தகத்தை மூடி இருந்த இடத்திலேயே வைத்தேன். வீட்டுக்குப் போய் அவளிடம் சொல்லவில்லை. அவள் பத்தாம் வகுப்புவரை படித்தவள். சட்டப் புத்தகம் பார்க்க அவளுக்கு வழியில்லை. எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது என்பதை நான் தெரிந்துகொண்டே இருந்தேன். சண்டைக் காலத்தில் கோடேது, வழக்கேது என்று எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். 2002இல் ஏ-9 பாதை திறந்தபிறகு அந்தச் சமாதானத்துக்கும் இடமில்லாமல் போனது. அப்போதும் சொல்லவில்லை.

இரண்டாம் தரம் 1992. மாமா செத்து ஆண்டுத் திவசம் முடிந்திருந்தது. மின்சாரம் இல்லாத ஊர். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டு எரித்த விளக்கு வெளிச்சத்தில் மகள் எழுத்துப் பழகிக்கொண்டிருந்தாள். எங்களுடைய ஊரிலேயே ஒரு சம்பந்தம் வந்திருந்தது. இந்த முறை அவள் கேட்ட விதத்தில் கொஞ்சம் பயம் இருந்தது. நான் மகளைக் கண்ணால் காட்டினேன். "எங்களுக்கும் ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கு. நாளைக்கு அவளுக்கும் குடுக்கவேணும். பாப்பம்."

இந்தக் காரணத்தை நான் கனகாலம் நம்பினேன். மகளுக்காக என்று சொல்லும்போது தகப்பன் கெட்டவனாகத் தெரியமாட்டான். ஆனால் ஆறு பரப்பில் இரண்டைக் கொடுத்தால் நாலு மிஞ்சும், வீடு மிஞ்சும். ஒரு மகளுக்கு அது போதாதா? கணக்குத் தெரியாதவன் அல்ல நான். கணக்கு எழுதித்தான் சம்பளம் வாங்கினேன்.

உண்மைக் காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு வெகுகாலம் சென்றது. அதைச் சொல்ல இப்போதும் வாய் கூசுகிறது. அந்த வீட்டில் எனக்கென்று ஒன்றும் இருக்கவில்லை. வீடு அவளுடையது. கிணறு அவளுடையது. நான் படுத்த கட்டில் மாமா செய்வித்தது. முற்றத்து மாமரம் அவளுடைய பேத்தியார் வைத்தது. ஊரில் என்னை "இன்னாற்றை மருமகன்" என்றுதான் அறிமுகப்படுத்துவார்கள். கொழும்பில் எல்லாம் எரியக் கொடுத்துவிட்டுப் பையோடு வந்தவனுக்கு அது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. யாரும் ஒருநாளும் என்னைக் குறைத்துப் பேசவில்லை. மாமா எனக்கு முன்னால் சால்வையைத் தோளில் போடாமல் நின்றவர். குறை எனக்குள்தான் இருந்தது. அந்த வீட்டில் எனக்குச் சொந்தமாக இருந்த ஒரே பொருள் அந்த ஒப்பம். அதை வைத்துவிட்டால் என்னிடம் ஒன்றும் இல்லாமல் போய்விடும் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தது நான் அல்ல.

30 ஒக்டோபர் 1995ஐ இங்கே சொல்லாமல் போகமுடியாது. நீர்வேலிப் பக்கம் சண்டை நெருங்க, நாங்கள் முதலே நல்லூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருந்தோம். அன்று பின்னேரம் எல்லோரும் வெளிக்கிட வேண்டும் என்று அறிவித்தார்கள். வலிகாமம் முழுவதும் ஒரே பாதையில் இறங்கியது. மழை. செம்மணியில் இருந்து நாவற்குழிப் பாலம்வரை அடிமேல் அடி வைத்துத்தான் நகரமுடிந்தது. பக்கத்தில் வருகிறவரின் முகம் தெரியவில்லை. மூச்சும் குழந்தைகளின் அழுகையும் மட்டும் கேட்டன. நான் சைக்கிளை உருட்டினேன். அதன் கரியரில் மாமியை இருத்திக் கட்டியிருந்தோம். மனைவி ஒரு கையால் ஒன்பது வயது மகளைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் தகரப் பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தாள். அதற்குள் உறுதிகள். அந்த இரவில் உடுப்பை விட்டுவிட்டு உறுதியை எடுத்துக்கொண்டு வந்த வீடுகள் எத்தனையோ. என் மகனுக்கு அப்போது ஐந்து வயது, காய்ச்சல். அவனை மச்சாள்தான் தூக்கி வந்தாள். தன் சட்டைக்கு மேலே போட்டிருந்த துவாயால் அவனை மூடி, நல்லூரில் இருந்து பாலம் தாண்டும்வரை இறக்காமல். "என்னட்டைத் தா, கை நோகும்" என்று நான் இரண்டு தரம் கேட்டேன். "நீங்கள் அம்மாவைப் பாருங்கோ அத்தான்" என்றாள்.

தகரப் பெட்டிக்குள் அவளுக்கு எழுதிக்கொடுக்காத காணியின் உறுதி. அவள் தோளில் என் பிள்ளை. நான் இருவருக்கும் பின்னால் நடந்தேன். அந்த இரவில் எனக்கு இது ஒன்றும் தோன்றவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். அப்போதே தோன்றி மனம் உருகினேன் என்று எழுதினால் அது பொய். உயிர் தப்பவேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. அது தோன்றியதெல்லாம் பல வருடம் கழித்து, அவளுக்கு நரை விழுந்த பிறகு.

மீசாலையில் ஒருவர் வளவில் கொட்டில் போட்டு ஆறு மாதம் இருந்தோம். 1996 சித்திரைக்குப் பிறகு திரும்பிவந்தபோது கூரையில் பாதி ஓடு இல்லை. கதவு நிலைகள் இல்லை. வாழை முழுக்கச் சாய்ந்து கிடந்தது. கிணற்றை இறைத்துத் துப்புரவாக்க நாலு நாள் எடுத்தது.

மூன்றாம் தரம் கேட்டது அந்த வீட்டை ஒருவிதமாகச் சீராக்கிய பிறகு, 1997இல். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றாள். நான் துலாவடியில் முகம் கழுவினேன். மனைவியை இழந்த ஒருவர், நாற்பதுக்குக் கிட்ட வயது, பிள்ளையில்லை, மச்சாளைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். அவருடைய வீடு இடிந்து போயிருந்தது. இருக்க இடம் வேண்டும்.

"தங்கச்சிக்கு முப்பத்தொண்டாகுது. இதுவும் போனா இனி ஒண்டும் வராது. அந்த ரண்டு பரப்பை…"

"பாப்பம்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கையில் பிழிந்த சேலை. தண்ணீர் காலில் வடிந்துகொண்டிருந்தது. "சரி" என்றாள். குனிந்து அடுத்த உடுப்பை எடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. காணியை மட்டும் சொல்லவில்லை. ஒரு சேலை, ஒரு கோயில் பயணம், தாய்க்கு ஒரு மருந்து, எதையும் கேட்கவில்லை. தேவையானதை நானாக வாங்கிவந்தால் வாங்கிக்கொள்வாள். இல்லாவிட்டால் இல்லை. நேரத்துக்குச் சாப்பாடு வைத்தாள். காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். நான் வீடு அமைதியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். மகன் மேடையில் சொன்ன ஒற்றுமை இதுதான்.

1998இல் ஒருநாள் சோறு போடும்போது அவளுடைய கைகள் வெறுமையாக இருந்தன. மாமா போட்ட இரண்டு சோடிக் காப்பும் இல்லை. அதே கிழமை பின்னறையில் ஒரு தையல் மெசின் வந்து நின்றது. மச்சாள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைக்கத் தொடங்கினாள். காப்பு அசையும் சொத்து. அதற்கு என் ஒப்பம் தேவையில்லை. அவள் சட்டம் வாசித்தவள் அல்ல. தன் கையில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தாள், அவ்வளவுதான். நான் கவனித்தேன். காப்பு எங்கே என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் எங்கே வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்த மெசினில்தான் என் பிள்ளைகளின் சீருடையும் தைபட்டது. மாமி 2003இல் சாகும்வரை கடைசி இரண்டு வருடம் படுக்கையில். பார்த்தது மச்சாள். என் மகள் பெரியபிள்ளையானபோது பக்கத்தில் இருந்தது மச்சாள். மகன் லண்டனுக்குப் போகிற அன்று அவனுடைய சூட்கேசுக்குள் மிளகாய்த்தூள் இடித்து வைத்தது மச்சாள். வீட்டில் ஆள் ஒருவர் கூட இருந்ததால் எங்களுக்கு எத்தனை வசதி என்று வருகிறவர்கள் சொல்லுவார்கள். அந்த வசதியை உண்டாக்கியது என் பாப்பம். ஒரு பெண்ணின் வீட்டை, பிள்ளைகளை, அவளுக்கென்று ஒரு அடுப்பை மறித்துவிட்டு, அவளுடைய உழைப்பை என் வீட்டுக்குள் வைத்து அனுபவித்தேன். இதற்கு வேறு மெல்லிய சொல் எனக்குத் தெரியவில்லை.

2013இல் மகளுக்குக் கலியாணம் பேசியபோது நான் தகரப் பெட்டியை எடுத்து உறுதியை வெளியே வைத்தேன். இருபது வருடம் காத்துவைத்த காணி. மாப்பிள்ளை பகுதி ஒன்றும் கேட்கவில்லை. மகள் தொலைபேசியில், "அந்தத் தோட்டம் எனக்கென்னத்துக்கு அப்பா? நான் வந்து வாழை வைக்கப்போறனே?" என்றாள். உறுதியை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். அப்போதாவது வைத்திருக்கலாம் அந்த ஒப்பத்தை. வைக்கவில்லை. இவ்வளவு காலம் கழித்து வைத்தால், இவ்வளவு காலம் வைக்காதது பிழை என்று ஆகிவிடுமே. அந்த வெட்கத்துக்காக இன்னும் 11 வருடம் போனது. தோட்டம் குத்தகைக்குப் போனது. குத்தகைக்காரர் இதரை வாழைக் குலை ஒன்று வருடப்பிறப்புக்குக் கொண்டுவந்து தருவார்.

மண்டபத்தில் இருந்து வந்த அன்றிரவு பிள்ளைகள் படுத்தபிறகு அவள் சேலை மடித்துக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் இருந்தபடி சொன்னேன்.

"அந்த ரண்டு பரப்பு. நான் ஒப்பம் வைச்சிருக்கவேணும்."

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"இன்னொண்டும் இருக்கு. நான் மாட்டன் எண்டாலும் நீர் கோட்டுக்குப் போய் எடுத்திருக்கலாம். சட்டத்திலை அப்பிடி இருக்கு. நான் வாசிச்சனான். உமக்குச் சொல்லேல்லை."

இப்போது கை நின்றது.

"எத்தினையாம் ஆண்டு வாசிச்சனீங்கள்?"

"எண்பத்தொன்பது."

"அப்ப அவளுக்கு இருபத்துமூண்டு" என்றாள்.

சேலையை அலுமாரிக்குள் வைத்தாள். விளக்கை நூர்த்தாள். அன்றிரவு நான் படுக்கவில்லை. அவளும் நித்திரை கொள்ளவில்லை என்பது மூச்சில் தெரிந்தது. 40 வருடத்தில் அவள் என்னிடம் கோபித்தது அந்த ஒரு கேள்வியில்தான். அவள் கத்தியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். இலகுவாக இருக்க எனக்கு உரிமையில்லை.

பிள்ளைகள் திரும்பிப் போனபிறகு நொத்தாரிசிடம் போனோம். நன்கொடை உறுதி. றோட்டுப் பக்கம் இரண்டு பரப்பு, கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால். இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் அவள் ஒப்பம் வைத்தாள். அதற்குக் கீழே கணவனின் சம்மதம் என்று எழுதிய இடத்தில் நான் வைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பேனையை மேசையில் வைத்தபோது, இதற்காகவா என்ற எண்ணம் வந்தது. பக்கத்தில் அவள் வெளியே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை வாசிக்கும் ஆண்களிடம் ஒன்று கேட்கிறேன். சட்டத்தில் அந்த வரியை எடுக்கவேண்டும் என்று படித்தவர்கள் பல வருடமாகச் சொல்லிவருகிறார்கள். சண்டைக்குப் பிறகு, கணவன் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத பெண்கள் தங்கள் தாய் தந்த காணிக்காக நீதிமன்றப் படியேறியதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. அது நடக்கவேண்டிய காரியம். ஆனால் என் வீட்டில் சட்டம் வந்து என் கையைப் பிடிக்கவில்லை. வைக்காதே என்று எந்தச் சட்டமும் எனக்குச் சொல்லவில்லை. உங்கள் மனைவி எப்போதோ ஒன்று கேட்டு, நீங்கள் பாப்பம் என்று சொல்லி, அவள் பிறகு கேட்காமல் விட்டிருந்தால், அவள் மறந்துவிட்டாள் என்று எண்ணவேண்டாம். இன்றைக்கே போய் நீங்களாகக் கேளுங்கள். அவளுக்குத் தெரியாத ஒன்று, அவளுக்கு உதவக்கூடிய ஒன்று, உங்களுக்குத் தெரிந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

நன்கொடை செல்லுபடியாக, பெறுகிறவரும் அதை ஏற்றுக்கொள்ளவேண்டும். மச்சாள் அன்றைக்கு வரவில்லை. பின்னறையில் மெசினுக்கு முன்னால் இருந்து, "எனக்கு அம்பத்தெட்டு வயசாச்சு அத்தான். இனி நான் அதிலை என்னத்தைக் கட்டப்போறன்?" என்றாள். குரலில் கோபம் இல்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். அவள் ஏற்பதைப் பிறகு தனியாகவும் எழுதலாம், ஆனால் கொடுக்கிறவர் உயிரோடு இருக்கும்போதே எழுதவேண்டும் என்று நொத்தாரிஸ் சொல்லியிருக்கிறார். அக்காவும் இரண்டு தரம் கேட்டுப் பார்த்தாள். உறுதி இப்போது அந்தத் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. மச்சாள் இன்னும் ஒப்பம் வைக்கவில்லை.